பென்சில் யாருடையது, பேனா யாருடையது?

கூடி உட்கார்ந்து கதை எழுதும் பாடம் தொடக்கப் பள்ளிக் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைகிறது. கருவிகளுக்குப் பஞ்சமில்லை. தகராறெல்லாம், என் வரியை அழித்தது யார் என்பதில்தான்.

கேரளத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டில் இரண்டு வித எழுத்து இருக்கிறது. பென்சிலில் கோணல்மாணலாக இருப்பது பிள்ளை எழுதியது. நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பேனாவில் இருப்பது அம்மா, அப்பா, பாட்டி யாராவது எழுதியது. பிள்ளைக்குத் தெரியாத எழுத்து வருமிடத்தில் மட்டும் பெரியவர் பேனாவை எடுக்கலாம். தெரிந்த எழுத்தில் கை வைக்கக் கூடாது. 'சம்யுக்த டயரி', அதாவது கூட்டு நாட்குறிப்பு, என்று இதற்குப் பெயர். 2023-24 கல்வியாண்டில் பரவலான இந்தப் பயிற்சியில் அன்று வீட்டில் நடந்தது எதுவோ அதுதான் பொருள்: நாலைந்து வரி, கூடவே ஒரு படம். மாதங்கள் போகப்போகப் பேனா குறைய வேண்டும், பென்சில் கூட வேண்டும். தனியாக மதிப்பெண் போட வேண்டிய அவசியமே இல்லை. நோட்டைப் புரட்டினால் போதும், யார் எவ்வளவு எழுதினார்கள் என்று டீச்சருக்குத் தெரிந்துவிடும். இப்படி எழுதியவற்றில் சிலவற்றைத் தொகுத்து 2024ல் 'குருன்னெழுத்துகள்' என்ற நூலாகவே வெளியிட்டார்கள். தொகுப்பாசிரியர் அப்போதைய மாநிலக் கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி.

இதில் கம்ப்யூட்டரும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. ஆனால் கம்ப்யூட்டரில் பிள்ளைகளைக் கூட்டாகக் கதை எழுத வைக்க முயலும் எந்த வாத்தியாரும் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்ளும் சிக்கல் இந்த ஒரு நோட்டுப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு பக்கத்தில் பல கைகள் எழுதுகின்றன. எந்த வரி யாருடையது? அடுத்தவர் வரியில் யார், எப்போது கை வைக்கலாம்? பென்சிலும் பேனாவும் தீர்த்துவைத்த விவகாரம் திரையில் மறுபடி கிளம்புகிறது. அங்கே எல்லா எழுத்தும் ஒரே கறுப்பு.

நான்காம் வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் முப்பது பேர். இயங்கும் நிலையில் உள்ள கம்ப்யூட்டர் ஐந்து. பாடவேளை நாற்பது நிமிடம். வரிசையில் வந்து, உட்கார்ந்து, இயந்திரம் கண் விழித்து, கடவுச்சொல் மறந்தவருக்கு நினைவூட்டி முடிப்பதற்குள் பத்து நிமிடம் போய்விடும். மிச்சம் முப்பது. ஒரு திரைக்கு ஆறு பேர் என்றால் ஆளுக்கு ஐந்து நிமிடம் விசைப்பலகை கிடைக்கும். கணக்கு காகிதத்தில்தான் இவ்வளவு நியாயமாக வரும். வகுப்பில், வீட்டில் கம்ப்யூட்டர் உள்ள பிள்ளை முதலில் விசைப்பலகையைப் பிடித்துக்கொள்ளும். மணி அடிக்கும்வரை விடாது. இரண்டு பேர் அதன் தோளுக்குப் பின்னாலிருந்து கத்துவார்கள். மூன்று பேர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கதை ஒன்று கிடைக்கும். ஆனால் அது ஒருவர் எழுதிய கதை.

இதைத் தவிர்க்க ஒரே வழி, கதையைக் கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே தொடங்குவது. முதல் நாள் எல்லோரும் தரையில் உட்கார வேண்டும். கரும்பலகையில் மூன்றே கேள்விகள்: கதையில் யார், எங்கே, என்ன தொலைந்தது? பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் 'என்ன நடந்தது' என்று கேட்பதைவிட 'என்ன தொலைந்தது' என்று கேட்பது பலன் தரும். தொலைந்தால் தேட வேண்டும், தேடினால் கதை தானாக நகரும். ஒரு வீடு, ஒரு ஆடு, ஆட்டைக் காணோம் என்று முடிவானதும் ஐந்து குழுக்களுக்கும் ஆளுக்கொரு பங்கு பிரித்துக் கொடுக்கலாம். குழுவுக்குள் ஒருவர் தட்டுவார், ஒருவர் சொல்லுவார், ஒருவர் எழுத்துப் பிழை பார்ப்பார், ஒருவர் முந்தைய குழு என்ன எழுதியது என்று படித்துச் சொல்லுவார். மற்ற இருவர் வரப்போகும் பகுதிக்குப் படம் போடலாம். ஐந்து நிமிடத்துக்கொரு முறை வேலை கை மாறும்.

படித்துச் சொல்லும் வேலைதான் பாடத்தின் உயிர். பாடப் புத்தகத்தை வாசி என்றால் வாய் வாசிக்கும், மனம் வேறெங்கோ இருக்கும். தன் கதையின் ஆட்டை அடுத்த குழு என்ன செய்துவிட்டது என்று பார்க்க வாசிக்கும்போது அந்தப் பேச்சே கிடையாது. அடுத்த குழு பெரும்பாலும் ஆட்டைப் புலிக்குக் கொடுத்திருக்கும். மூன்றாம் குழு புலியைப் பேச வைத்திருக்கும். நான்காம் குழுவுக்கோ ஆடு உயிரோடு வேண்டும். இனி என்ன செய்வது? அது கனவு என்று சொல்லிவிடலாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் முதலில் தோன்றும் தந்திரம் இது. (சினிமாக்காரர்களுக்கும் தோன்றுவதுதான்.) புலி தின்றது வேறு ஆடு என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அது வேறு ஆடு என்பதற்கு அடையாளம் வேண்டும். அடையாளம் முதல் பகுதியில் இருந்தாக வேண்டும். முதல் பகுதி வேறு குழுவுடையது. போய்க் கேட்க வேண்டும். கதையின் முன்பின் பொருத்தம் என்று பட்டமேற்படிப்பில் மூன்று அத்தியாயங்களில் விளக்கும் சங்கதி, எட்டு வயதில் ஒரு ஆட்டுத் தகராறாக வந்து நிற்கிறது.

விசைப்பலகையே ஒரு தனிப் பாடம். ஆங்கிலம் தட்டும் பிள்ளைக்கு இருபத்தாறு விசை. இந்திய மொழிகளில் எழுதும் பிள்ளைக்குக் கண்ணுக்குத் தெரியும் வரிசை ஒன்று, தட்ட வேண்டிய வரிசை வேறொன்று. சிலேட்டில் 'கொ' எழுதும்போது முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். மத்திய அரசு தரப்படுத்திய இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில் முதலில் க, பிறகு ஒகரக் குறி. தட்டியதும் கொம்பும் காலும் இரண்டு பக்கமும் தாமாகக் குதித்து உட்கார்ந்துகொள்ளும். மலையாளத்திலும் இதே கதை. இந்தியில் குறில் இகரக் குறி, வங்காளத்தில் ஏகாரக் குறி, எல்லாம் கண்ணுக்கு எழுத்தின் இடப்பக்கம் நிற்கும், கைக்குப் பின்னால் வரும். எழுத்தை ஒலிப்பது எப்படியோ அப்படித் தட்டுவதே முறை என்று புரிந்த பிள்ளைக்கு இது ஒரு வாரத்தில் விளையாட்டாகிவிடும். புரியவைக்காமல் விட்டால், அந்தப் பிள்ளை ரோமன் எழுத்தில் தாய்மொழியைத் தட்டத் தொடங்கும். பெரியவர்களின் செல்போன்களே அதற்குச் சாட்சி.

ஒரே பக்கத்தில் பலர் எழுதும் வசதி கம்ப்யூட்டருக்கு வந்தது இரண்டு வழிகளில். ஒன்று விக்கி. அமெரிக்கரான வார்டு கன்னிங்ஹாம் 1995 மார்ச்சில் இதைத் தொடங்கினார். ஹவாய்த் தீவு மொழியில் 'விரைவு' என்று பொருள்படும் சொல்லையே பெயராக வைத்தார். யாரும் பக்கத்தைத் திறந்து திருத்திச் சேமிக்கலாம். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் பழைய பக்கம் அழியாமல் பின்னால் அடுக்கப்படும். இன்னொன்று, ஒருவர் தட்டும் எழுத்து அதே விநாடியில் மற்றவர் திரையிலும் தோன்றும் வழி. இதற்கான கணக்கை 1989லேயே எல்லிஸ், கிப்ஸ் என்ற இருவர் எழுதிவிட்டார்கள். 2008ல் வந்த ஈதர்பேட் அதை எளிமையாக்கியது. ஈதர்பேடில் இன்னொரு சௌகரியம் உண்டு: ஒவ்வொருவர் எழுத்துக்கும் பின்னணியில் ஒரு நிறம். நீலம் ஒருவர், பச்சை இன்னொருவர். கேரளத்து நோட்டின் பென்சில், பேனாவேதான்.

சிறு பிள்ளைகளுக்கு எது நல்லது? உடனுக்குடன் தெரியும் வழி கவர்ச்சியானது. ஆனால் முதல் பத்து நிமிடம் அமர்க்களம்தான். தான் தட்டும் எழுத்து அடுத்த மேஜையில் தெரிகிறது என்று கண்டுபிடித்ததும் கதை ஓரம் போய்விடும், பட்டப்பெயர்கள் வந்துவிடும். விக்கியில் அந்தக் குஷி இல்லை. ஒரே பத்தியை இருவர் திறந்து ஒருவர் முந்திச் சேமித்துவிட்டால் பிந்தியவருக்கு 'திருத்தல் முரண்' என்று எச்சரிக்கை வரும். ஒன்பது வயதுக்கு அது ஏதோ குற்றச்சாட்டு போலத் தோன்றும். ஆனாலும் எழுதுவதற்கும் எல்லோருக்கும் காட்டுவதற்கும் நடுவே 'சேமி' என்ற ஒரு பொத்தான் இருப்பது பிள்ளையைக் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. முறை வைத்து எழுதும் தொடர்கதைக்கு விக்கி போதும், தாராளம்.

இனி, அழிக்கும் விவகாரம். மேலே சொன்ன ஆட்டுக் கதையில் அதிகம் பேசாத ஒரு பிள்ளை, தன் ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு வரி எழுதுகிறது: ஆட்டின் கழுத்தில் மணி கட்டியிருந்தது. அடுத்து விசைப்பலகைக்கு வரும் கெட்டிக்காரப் பிள்ளைக்கு அந்த வரி தேவையற்றதாகத் தோன்றுகிறது. அழித்துவிட்டு, ஓட்டமும் சண்டையுமாகப் பத்து வரி போட்டுவிடுகிறது. கதை விறுவிறுப்பாகிவிட்டது என்பது உண்மை. ஒரு வரிக்காரப் பிள்ளை அடுத்த வாரம் கம்ப்யூட்டர் அறைக்கு வர வயிற்று வலி என்று சொல்லிவிடும் என்பதும் உண்மைதான். நோட்டில் என்றால் அடித்த கோட்டுக்கு அடியில் அந்த வரி தெரியும். திரையில் அழித்தால் இருந்த சுவடே இருக்காது.

விக்கியில் சுவடு இருக்கிறது. பக்கத்தின் தலைமாட்டில் 'வரலாறு' என்று ஒரு இணைப்பு. அதை அமுக்கினால் இன்ன தேதி, இன்ன மணி, இன்னார் இதைச் சேர்த்தார், இன்னார் இதை நீக்கினார் என்று பட்டியல் விரியும். பழைய பக்கத்தை ஒரு அமுக்கில் மீட்கலாம். தொடக்கப் பள்ளியில் இந்தக் கருவியைப் பழக்கும் ஆசிரியர் சொல்லித்தர வேண்டிய முதல் பொத்தான் இதுதான். பெரும்பாலும் கடைசியாகச் சொல்லித்தரப்படுவதும் இதுதான். கூடவே ஒரு வகுப்புச் சட்டம் தேவை: கேட்காமல் அழிக்கக் கூடாது. பிடிக்கவில்லை என்றால் பக்கத்தில் உள்ள உரையாடல் பகுதியில் காரணம் எழுது. எழுதியவர் பதில் சொல்லட்டும். பதில் வருவதற்குள் நான்காம் குழு, புலி தின்றது வேறு ஆடு என்பதற்கு அடையாளம் தேடி வந்து நிற்கும். அழிக்கப்பட்ட மணி அப்போது எல்லோருக்கும் நினைவு வரும்.

வாத்தியாரின் கையும் இந்தச் சட்டத்துக்குள் வந்தாக வேண்டும். இங்கேதான் இந்திய வகுப்பறை இடறுகிறது. பிள்ளை எழுதியதைத் திருத்துவது கடமை என்று பழகிய கை, பேச்சு வழக்கை ஏட்டு வழக்காக மாற்றும். ஊர்ச் சொல்லை எடுத்துவிட்டுப் பாடப் புத்தகச் சொல்லைப் போடும். கடைசியில் 'ஆகவே நாம் பிராணிகளிடம் அன்பு செலுத்த வேண்டும்' என்று ஒரு வரி சேர்க்கும். முப்பது பிள்ளைகள் எழுதிய கதை, மேலதிகாரி பார்க்கத் தயாராகிவிடும். வரலாற்றுப் பக்கம் ஒளிவு மறைவு இல்லாதது. அதில் வாத்தியாரின் பெயருக்கு எதிரே எத்தனை திருத்தம் என்பதும் தெரியும்.

கூட்டாகக் கதை எழுதுவது இன்டர்நெட் கொண்டுவந்த யோசனையும் அல்ல. 1924ல் பிரான்ஸின் தென்கோடியில் பார்-சுர்-லூ என்ற சிற்றூர்ப் பள்ளியில் செலஸ்தீன் ஃப்ரெனே என்ற ஆசிரியர் வகுப்புக்குள் ஒரு சிறு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் விரும்பியதை எழுதுவார்கள். எதை அச்சிடுவது என்று வகுப்பே தேர்ந்தெடுக்கும். கரும்பலகையில் எல்லோரும் சேர்ந்து திருத்துவார்கள், பிறகு அவர்களே எழுத்துக் கோப்பார்கள். அச்சான தாள்கள் தொலைதூரப் பள்ளிகளுக்குத் தபாலில் போகும், அங்கிருந்தும் வரும். இந்தியாவில் பவநகரின் தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் கிஜுபாய் பதேக்கா கதையையே வகுப்பின் நடுவே உட்காரவைத்தார். தமிழில் 'பகல் கனவு' என்று வந்திருக்கும் அவருடைய நூலில் வருவதும் ஒரு நான்காம் வகுப்புதான். புது ஆசிரியர் முதல் நாள் அமைதி விளையாட்டு நடத்திப் படுதோல்வி அடைகிறார். பிறகு கதை சொல்லத் தொடங்கியதும் வகுப்பு வசப்படுகிறது. போபாலின் ஏகலவ்யா அமைப்பு 1985ல் தொடங்கிய 'சக்மக்' என்ற இந்திச் சிறுவர் இதழில் பிள்ளைகளின் படைப்புகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு.

கம்ப்யூட்டரோடு இதை இணைக்கும் பெரிய முயற்சி இந்தியாவில் எங்கே நடந்தது என்றால் மறுபடி கேரளத்துக்குத்தான் வர வேண்டும். 2009ல் மலப்புறத்தில் தொடங்கிய 'ஸ்கூல் விக்கி' இன்று பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளுக்குப் பக்கம் வைத்திருக்கிறது. விக்கிப்பீடியா ஓடும் அதே மென்பொருள். மலையாளம். பள்ளியின் சரித்திரம், ஊர்ச் சரித்திரம், வழக்குச் சொற்கள் என்று பள்ளிகளே எழுதுகின்றன. 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்று 2001ல் தொடங்கி 2017ல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறிய அமைப்பு இதை நடத்துகிறது. கட்டணமில்லாத சுதந்திர மென்பொருளையே பள்ளிகளில் பயன்படுத்துவது என்று அந்த மாநிலம் முன்பே முடிவு செய்திருந்ததால், உரிமக் கட்டணம் என்ற தலைவலி இல்லை. ஒன்று முதல் நான்கு வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குக் 'களிப்பெட்டி' என்று தனிக் கம்ப்யூட்டர் பாடப் புத்தகமும் உண்டு. ஒன்று முதல் ஏழு வரை உள்ள பள்ளிகளுக்கு ஆய்வகம் அமைக்கும் திட்டம் 2019ல் வந்தது.

2020ல் கொரோனா ஊரடங்கில் பிள்ளைகள் வீட்டில் அடைந்து கிடந்தபோது இந்த ஏற்பாடு சோதனைக்கு வந்தது. 'அட்சரவிருட்சம்' என்ற பெயரில், ஒன்று முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் சுற்றுச்சூழல், தூய்மை, நோய்த் தடுப்பு பற்றிக் கதை, கவிதை, கட்டுரை எழுதி அனுப்பலாம் என்று அறிவித்தார்கள். பள்ளிகள் அவற்றை ஸ்கூல் விக்கியில் ஏற்றின. தேர்ந்தவற்றை மாநிலக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் நூல்களாக்கியது. அளவில் பிரமிப்புதான். ஆனால் கூட்டு எழுத்து என்று பார்த்தால் பாதிக் கிணறுதான் தாண்டியது. பிள்ளை வீட்டில் தனியாக எழுதியது, ஆசிரியர் தட்டி ஏற்றினார். விக்கி அங்கே ஒரு பெரிய சுவரொட்டிச் சுவராகப் பயன்பட்டது. ஊரடங்கில் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இயந்திரத்தைக் கொடுத்துவிட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று நம்பியவர்கள் கதை வேறு. மகாராஷ்டிரத்தின் ராய்கட் மாவட்டத்தில் கர்ஜத் அருகே கைராத் என்ற கிராமத்தில் ஓராசிரியர் பள்ளி ஒன்று. 2007ல் அங்கே இருந்த இருபது சொச்சம் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பச்சை வெள்ளை மடிக் கம்ப்யூட்டர் வந்தது. நிக்கலஸ் நெக்ரோபான்டேயின் 'பிள்ளைக்கு ஒரு லேப்டாப்' திட்டத்தின் முதல் இந்தியச் சோதனை. அதற்கு முந்தைய ஆண்டுதான் மத்திய மனிதவள அமைச்சகம் இந்தத் திட்டம் வேண்டாம் என்று கைகழுவியிருந்தது. அந்த இயந்திரத்தில் ஒரு அபூர்வ வசதி இருந்தது. இன்டர்நெட் இல்லாமலே பக்கத்துப் பக்கத்து இயந்திரங்கள் தமக்குள் வலை பின்னிக்கொள்ளும். அதிலிருந்த எழுதுமென்பொருளில் பல பிள்ளைகள் ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் எழுதலாம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்காகவே கூட்டு எழுத்தை அடிப்படையில் வைத்துக் கட்டிய கருவி அதற்கு முன்பு அநேகமாக இல்லை. நூறு டாலர் என்று சொன்ன விலை அந்த நூறைத் தொடவே இல்லை. லட்சக்கணக்கில் வாங்கிய பெரு நாட்டில் 319 கிராமப்புறப் பள்ளிகளை ஆராய்ந்து 2012ல் வந்த அறிக்கை, கணக்கிலும் மொழியிலும் தேர்ச்சி கூடியதற்குத் தடயமில்லை என்றது. கருவி வந்தது, அதை வைத்து வகுப்பில் என்ன செய்வது என்று ஆசிரியருக்குச் சொல்லித்தர யாரும் மெனக்கெடவில்லை என்பதே அதற்குப் பலரும் சொன்ன விளக்கம்.

பெங்களூரின் பிரதம் புக்ஸ் பிடித்த வழி மெதுவானது. 2015 செப்டம்பர் 8 அன்று, எழுத்தறிவு நாளில், 'ஸ்டோரிவீவர்' என்ற தளத்தைத் திறந்தது. அப்போது 24 மொழிகளில் 800 கதைகள். இன்று மொழிகளே முந்நூறைத் தாண்டிவிட்டன. எந்தக் கதையையும் யாரும் படிக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றி எழுதலாம், அனுமதி கேட்க வேண்டாம். ஒரே நிபந்தனை, மூலம் யாருடையது என்று சொல்ல வேண்டும். தளம் அதைத் தானாகவே செய்துவிடுகிறது. கதையின் கடைசியில் மூல ஆசிரியர் இன்னார், படம் இன்னார், மொழிபெயர்ப்பு இன்னார் என்று வரிசையாக நிற்கும். மொழிபெயர்ப்பாளர் பெயரை அட்டைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போட்டுப் பழகிய பதிப்பாளர்கள் அந்தக் கடைசிப் பக்கத்தை ஒருமுறை பார்க்கலாம்.

வகுப்பறைக்கு இதில் உள்ள லாபம், வெற்றுப் பக்கத்தின் பயம் இல்லை என்பது. படம் முன்பே இருக்கிறது. எழுத்தை நீக்கிவிட்டு, ஐந்து குழுக்களிடமும் ஒரே படங்களைக் கொடுத்து எழுதச் சொன்னால் ஐந்து கதை வரும். வீட்டில் பேசும் மொழி வேறு, பள்ளி மொழி வேறு என்று இருக்கும் பிள்ளைகளுக்கு லாபம் இன்னும் அதிகம். ஒடிசாவின் சௌரா, குயி, முண்டா, ஜுவாங் மொழிகளில் அந்தந்தச் சமூகத்தாரே பட்டறைகளில் கூடி எழுதி, தங்கள் சுவரோவிய மரபிலேயே படம் போட்ட 'ஆதிகஹானி' நூல் வரிசை வந்திருக்கிறது. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் 'சுசனா' என்ற அமைப்பு கோடா, சந்தாலி மொழிகளுக்குக் கதைகளைக் கொண்டுபோயிருக்கிறது. இத்தகைய வகுப்பில் ஆசிரியருக்கே தெரியாத சொல் பிள்ளைக்குத் தெரியும். பென்சிலும் பேனாவும் இங்கே கை மாறிவிடுகின்றன: ஆசிரியர் விட்ட இடத்தைப் பிள்ளை நிரப்புகிறது.

இத்தனைக்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு. 2024-25 ஆண்டுக்கான மத்திய அரசின் பள்ளிக் கணக்கெடுப்புப்படி நாட்டில் கம்ப்யூட்டர் வசதியுள்ள பள்ளிகள் 64.7 சதவிகிதம், இன்டர்நெட் உள்ளவை 63.5 சதவிகிதம். முந்தைய ஆண்டைவிட நல்ல ஏற்றம்தான். ஆனாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பள்ளிகளுக்கு இந்தப் பேச்சே சம்பந்தமில்லாதது. 2024ன் 'அசர்' ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. கிராமப்புற அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 23.4 சதவிகிதம் பேர்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. ஐந்தாம் வகுப்பில் 44.8 சதவிகிதம். வாசிக்கவே திணறும் பிள்ளைக்கு வலையில் கதை எழுதுவது எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதிலும் அந்த எண்ணிலேயே இருக்கிறது. வாசிக்க ஒரு காரணம் வேண்டும். கேரளத்து ஒன்றாம் வகுப்பு, எழுத்தெல்லாம் கற்று முடித்த பிறகு டயரி எழுதலாம் என்று காத்திருக்கவில்லை. தெரியாத எழுத்துக்குப் பேனா இருக்கிறது, நீ எழுது என்றது. ஆறு பேர் குழுவில் எழுத்து தெரியாத பிள்ளைக்கும் சொல்ல ஒரு வரி இருக்கும். அது சொல்லி, மற்றொரு பிள்ளை தட்டி, தன் வாய்ச் சொல் திரையில் எழுத்தாக நிற்பதைப் பார்ப்பது வாசிப்பின் முதல் படி. இன்டர்நெட் இல்லாத பள்ளிக்கும் வழி உண்டு. விக்கியையும் ஈதர்பேடையும் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் நிறுவி, ஆய்வகத்துக்குள் மட்டும் ஓடும் வலையில் இயக்கலாம். ஒரு சுண்டுவிரல் மோடம்கூட வேண்டியதில்லை.

அப்படி உள்ளுக்குள்ளேயே ஓட்டுவதில் இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளி, ஊர் எல்லாம் கதையோடு சேர்ந்து உலகத்தின் முன் நிற்க வேண்டியதில்லை. அட்சரவிருட்சப் பக்கங்களில் இவை அத்தனையும் இருந்தன. பெருமையாகப் போட்ட பெயர்கள்தான், அன்றைக்கு யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. 2023ல் நிறைவேறிய தனிநபர் டிஜிட்டல் தகவல் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன, படிப்படியாக அமலாகின்றன. பெரிய கம்பெனிகளின் எழுதுதளங்களும் பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ளவருக்குத் தாமே கணக்கு திறந்துகொள்ள இடம் கொடுப்பதில்லை. பள்ளி அல்லது பெற்றோர் வழியாகத்தான் வர முடியும். வகுப்பில் இதற்குச் சுலபமான பரிகாரம் புனைபெயர். மாங்காய், மின்மினி, மூன்றாம் குழு பட்டாம்பூச்சி என்று பிள்ளைகளே வைத்துக்கொள்வார்கள். எழுத்தாளர்கள் எல்லாக் காலத்திலும் செய்ததுதானே. வரலாற்றுப் பக்கத்தில் மின்மினி யார் என்பது வகுப்புக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

தவணை முடிந்ததும் கதையைப் பிரிண்ட் எடுத்து, நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் கம்பி அடித்து, ஆளுக்கொரு பிரதி வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். திரையில் உள்ளதை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாத பிள்ளைகளே அதிகம். பிரிண்டில் நீலமும் பச்சையும் வராது, வரலாற்றுப் பக்கமும் வராது. எட்டுப் பக்கமும் ஒரே கறுப்பு எழுத்து, அட்டையில் முப்பது பெயர். ராத்திரி சோறு முடிந்ததும் அதைப் புரட்டும் அம்மா கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான்: இதில் நீ எழுதியது எது? அதிகம் பேசாத அந்தப் பிள்ளை பக்கங்களைத் தள்ளி, புலியையும் சண்டையையும் தாண்டாமல் முதல் பக்கத்திலேயே விரலை வைக்கும். ஆட்டின் கழுத்தில் மணி கட்டியிருந்தது.